தகடூரும் பசுமருத்துவ அறமும்

தருமபுரி என இக்காலத்து வழங்குவது அதியமான்களின் தலைநகராய பண்டைத் தகடூரேயாம். அசோக வேந்தன் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிற் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில், மக்கட்கும் விலங்கிற்குமாகிய இருவகை மருத்துவமும் தன்னால் நிறுவப்பெற்றன என்றும், மருந்திற்குரிய பச்சிலையும் வேருங் கனியும் இல்லாவிடங்களிற் கொணர்ந்து நடப்பெற்றன என்றுங் கூறுகின்றான். அவ்வறம் நிகழ்ந்தனவாக அவன் எண்ணும் நாடுகளுட் சத்தியபுத்திரர் நாடும் ஒன்று.

சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் ஐயமாயிருந்தது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியை அப்பெயராற் சுட்டி அவ்வையத்தை அகற்றிற்று.

சாசனம் விலங்கைக் குறிக்குஞ் சொல் 'பசு' என்பதே. சித்தாந்தமோ எல்லாவுயிரையும் பசுவென்றும், இறைவனைப் பசுபதியென்றும் ஓதும். ஆவிற்கு வாயுறை அளித்தலை முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். ஆதலின் வாயில்லா உயிரின் பிணிதீர்க்கப் பொருளீதல் புதுவழக்கன்று. தகடூர் நாட்டிற்குத் தொன்மையுரிமை உடைய அறமேயாம்.