போர்க்காலச் சேமிப்புப் பத்திரங்கள்: கள்ளக்குறிச்சி வட்டாரம்

இரண்டு உலகப் போர்களின்போதும் இந்திய அரசு அஞ்சலகங்கள் வழியாக மக்களிடம் கடன் திரட்ட விற்ற பத்திரங்கள் இவை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களுக்கு நடுவே இப்படி ஒரு தாள் அகப்பட்டால், அதன் பெயரையும் ஆண்டையும்தான் முதலில் படிக்க வேண்டும். எந்தப் போருக்கு வாங்கியது, எப்போது முதிர்ந்தது என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடும்.

முதல் உலகப் போரின் செலவுக்காக 1917இல் வந்தது அஞ்சலக கேஷ் சர்டிபிகேட். ஏழு ரூபாய் பன்னிரண்டு அணா கட்டினால் ஐந்து ஆண்டு கழித்துப் பத்து ரூபாய் கிடைக்கும். போர் முடிந்தும் இதன் விற்பனை தொடர்ந்ததால், கேஷ் சர்டிபிகேட் என்ற பெயரை மட்டும் வைத்துப் போர்க்காலத்தது என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டாம் உலகப் போரில் கதை வேறு. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் அஞ்சியது நோட்டுப் பணத்தின் மதிப்பைப் பற்றித்தான். சேமிப்புக் கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்தார்கள், வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். அரசு ஒரு ரூபாய் நோட்டை இறக்கியது. அந்த ஆண்டுதான் பத்தாண்டு டிபென்ஸ் சேவிங்ஸ் சர்டிபிகேட்டும் வந்தது. பத்து ரூபாய்க்குப் பத்து ஆண்டில் பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் அணாக் கணக்கில் சேமிப்பு வில்லை வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வரலாம். அட்டை நிரம்பியதும் அதைப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். அதே 1940 அக்டோபரில்தான் போருக்கு ஆளும் பணமும் தரக் கூடாது என்று தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது. ஆகவே அந்நாளில் இந்தப் பத்திரத்தை வாங்குவதும் வாங்காதிருப்பதும் வெறும் வரவு செலவுக் கணக்கு அல்ல. பத்திரம் இருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பத்தை வெள்ளைக்காரன் பக்கம் என்று எழுதிவிடுவது அநியாயம். அதிகாரிகளின் நெருக்குதலுக்காக வாங்கியவர்களும் உண்டு.

1943 அக்டோபரில் டிபென்ஸ் சர்டிபிகேட்டின் இடத்துக்குப் பன்னிரண்டாண்டு தேசிய சேமிப்புப் பத்திரம் வந்தது. பத்து ரூபாய் பதினைந்தாகும், வருமான வரி கிடையாது. விலைவாசி மேலும் ஏறாமலிருக்க மக்கள் கையிலிருந்த பணத்தை உறிஞ்சுவது அரசின் நோக்கம். ஆனால் போர் தொடங்கியபோது இருந்ததைவிட, அது முடிவதற்குள் விலைவாசி இருமடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1940இல் நம்பிப் பணம் போட்டவர்களுக்கு உண்மையில் நட்டம்தான். 1962 சீனப் போரை ஒட்டி வந்த தேசியப் பாதுகாப்புப் பத்திரத்தையும் பலர் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் பிரிட்டிஷ் ராஜாவின் ஆட்சிக்குரிய அடையாளங்கள் இருக்காது.

தாளைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை வரிசை எண், வாங்கியவர் பெயர், அஞ்சலக முத்திரை. முத்திரையின் தேதி தெளிவாக இருந்தால் முதிர்வு ஆண்டைக் கணக்கிடலாம். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பணம் கொடுக்கும்போது கையெழுத்தோ கைரேகையோ பெற்றுக்கொண்டு அஞ்சலகம் பத்திரத்தைத் தானே வைத்துக்கொள்வதே வழக்கம். பின்பக்கம் வெறுமையாக இருந்து பத்திரம் வீட்டிலேயே கிடந்தால், பணம் எடுக்கப்படாமலே போயிருக்கலாம். தொலைந்ததாகச் சொல்லி நகல் பெற்றிருக்கவும் வாய்ப்புண்டு.

பத்திரத்தில் தென்னாற்காடு ஜில்லா என்று இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். கள்ளக்குறிச்சி அன்று அந்த ஜில்லாவின் தாலுகா. 1993இல் விழுப்புரத்தோடு போய், 2019இல் தனி மாவட்டமானது. இவ்வட்டாரத்துக் கல்வராயன் மலையின் வரலாறு இதிலிருந்து விலகியது. அங்கே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் 1976 வரை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற ஜாகிர்தார்களின் கீழ் இருந்தன. மலை வீட்டில் கிடைக்கும் பழைய தாளில் அஞ்சலக முத்திரை இல்லாவிட்டால், அது ஜாகிர் கால நிலத் தாளா என்று பார்ப்பது நல்லது. சேமிப்புப் பத்திரமாக அதற்கு மதிப்பில்லாவிட்டாலும் நில உரிமைக்கு அது வேண்டியதாக இருக்கலாம்.

மதிப்பைப் பொறுத்தவரை ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முதிர்வுக்குப் பிறகு இத்தனை ஆண்டுக் கூட்டுவட்டி ஏறியிருக்காது. பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா இன்றைய கணக்கில் பதின்மூன்று ரூபாய் ஐம்பத்தாறு காசு. உரிமை கோர விரும்புவோர் வாரிசுச் சான்றிதழோடு தலைமை அஞ்சலகத்தில் எழுதிக் கேட்கலாம். நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடக்கும் சிறுசேமிப்புப் பணத்தை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றும் விதிகள் 2016இல் வந்துவிட்டன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் முதிர்வுத் தொகையைவிடக் கூடுதலாகவே தருவார்கள். முத்திரையின் தெளிவும் மடிப்பில் கிழியாத தாளும் அந்த விலையைத் தீர்மானிக்கும். லேமினேஷன் செய்தாலோ செல்லோடேப் ஒட்டினாலோ விலை விழுந்துவிடும்.