வீடு மாறாமல் மாநிலம் மாறிய ஊர்



எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். மலை, ஆறு, எல்லை எல்லாம் புவியியல். நாடாளுமன்றம், சட்டமன்றம் எல்லாம் குடிமையியல். கோயில், சமயம் எல்லாம் வரலாறு. மூன்றும் தனித்தனிப் பாடம், தனித்தனி மதிப்பெண். ஆனால் எங்கள் பள்ளிப்பட்டில் இந்த மூன்றும் ஒரே தெருவில் நடமாடுகின்றனவே, அதை எந்தப் பாடத்தில் எழுதுவது? அந்தச் சந்தேகத்துக்கு நானே தேடிக்கொண்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு புதிர். 1940-ல் பள்ளிப்பட்டில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. வாழ்நாள் முழுவதும் அதே வீடு, அதே தெரு. அவர் எத்தனை மாநிலங்களில் வாழ்ந்திருப்பார்?

பிறந்தபோது அந்த வீடு மதராஸ் மாகாணம், சித்தூர் மாவட்டம். 1950-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்ததும் மதராஸ் மாநிலம். 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம். 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் மதராஸ் மாநிலம், இம்முறை செங்கல்பட்டு மாவட்டம். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். இருபது வயதுக்குள் அவர் மாநிலம் விட்டு மாநிலம் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். ஒரு மூட்டை கூடக் கட்டவில்லை!

எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. அந்த வயதுப் பாட்டி எந்த வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். எப்படி இப்படி ஆயிற்று என்று பார்ப்போம்.

மலை சொன்னதும் ஆறு சொன்னதும்

பள்ளிப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. தெற்கே வந்தால் சோளிங்கர், கிழக்கே போனால் நகரி. நகரி ஆந்திராவில் இருக்கிறது, சோளிங்கர் தமிழ்நாட்டில். சுற்றிலும் தெரிவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுத் துண்டான குன்றுகள். இமயமலை போல நீண்ட சுவராக இருந்தால் "இதுதான் எல்லை" என்று சொல்லிவிடலாம். இங்கே குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே வழி இருக்கிறது. அந்த வழியாக மாட்டு வண்டியும் போயிற்று, மொழியும் போயிற்று.

ஆறும் எல்லை போட உதவவில்லை. எங்கள் கொசஸ்தலை ஆறு எல்லையின் மேலே ஓடுவதில்லை. எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் தண்ணீர் பள்ளிப்பட்டு வழியாகத்தான் வரும். 2021 நவம்பர் மழையில் ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கி, அக்கரைக் கிராமங்கள் தவித்தன. அதே ஆறு கீழே போய் 1944-ல் கட்டி முடித்த பூண்டி ஏரியை நிரப்புகிறது. சென்னை மக்கள் குடிக்கிறார்கள். மிச்சம் எண்ணூரில் கடலில் கலக்கிறது. அணையின் கதவு ஒரு மாநிலத்தில், வெள்ளம் இன்னொரு மாநிலத்தில்!

ஆக, இந்த எல்லையை இயற்கை போடவில்லை. மனிதர்கள்தான் போட்டார்கள். எதை வைத்துப் போட்டார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

மாவட்டமா, கிராமமா?

ஆங்கிலேயர் காலத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு எல்லாம் மதராஸ் மாகாணம் என்ற ஒரே கூரைக்குள் இருந்தன. அவர்களுக்கு மொழி முக்கியமில்லை. வரி வசூலும் நிர்வாக வசதியுமே முக்கியம். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பா மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளை எடுத்து, சில ஜமீன் பகுதிகளையும் சேர்த்து, சித்தூர் மாவட்டம் என்று புதிதாக அமைத்தார்கள். கார்வேட்டி நகரம் ஜமீனைச் சேர்ந்த திருத்தணியும் அதில் போயிற்று. அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மாவட்டம் எதுவானாலும் மாகாணம் ஒன்றுதானே!

கவலைப்பட வேண்டிய நாள் 1952-ல் வந்தது. ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் நீத்தார். சில நாட்களிலேயே ஆந்திர மாநிலம் அமையும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். பிரித்தபோது மாவட்டத்தை அலகாக எடுத்துக்கொண்டார்கள். சித்தூர் மாவட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் தெலுங்கு பேசுவோரே அதிகம். எனவே முழு மாவட்டமும் ஆந்திராவுக்கு என்று முடிவாயிற்று. மாவட்டத்தின் தென்கோடியில் தமிழ் பேசிய திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அந்தக் கணக்கில் மறைந்துபோயின.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மக்கள் அதே மக்கள். பேசும் மொழியும் அதே மொழி. மாவட்டமாக எண்ணினால் எங்கள் ஊர் தெலுங்கு. கிராமம் கிராமமாக எண்ணினால் பெரும்பாலும் தமிழ். விடை மாறியதற்குக் காரணம் மக்கள் அல்ல, எண்ணும் அலகுதான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு 1920-ல் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே ஷ்லெஸ்விக் என்ற பகுதியில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வடக்கு மண்டலத்தில் மொத்த வாக்குகளையும் சேர்த்து எண்ணுவது என்பது விதி. டென்மார்க் எளிதாக வென்றது. ஆனால் அதற்குள் இருந்த டொண்டர் போன்ற ஊர்களில் ஜெர்மனிக்கு வாக்களித்தவர்களே அதிகம். அவர்களும் டென்மார்க்குக்குப் போனார்கள். டொண்டருக்கும் பள்ளிப்பட்டுக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் கணக்கு ஒன்றுதான்.

எழுந்து நின்ற ஒரு தமிழாசிரியர்

இந்தக் கணக்கை ஏற்காமல் முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தவர். அவர் அழைத்ததன் பேரில்தான் தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தில் இறங்கினார். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ்நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தை எல்லையாகச் சொல்கிறது. அதனால் திருப்பதி, சித்தூர், காளத்தி உட்பட எல்லாம் வேண்டும் என்பதே ம.பொ.சி.யின் முதல் கோரிக்கை. திருத்தணியைச் சேர்ந்த கே.விநாயகமும் களத்தில் நின்றார். கூட்டம், மறியல், சிறை என்று போராட்டம் வளர்ந்தது. மங்கலங்கிழார் 1953-லேயே மறைந்துவிட்டார். தாம் பாடம் நடத்திய ஊர்கள் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

இரு மாநிலங்களுக்கும் நடுவராக எச்.வி.படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவர் அலகையே மாற்றினார். மாவட்டம் வேண்டாம், கிராமத்தை அலகாக எடு, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார், அந்தக் கிராமம் தன் மொழிப் பகுதியோடு தொடர்ச்சியாக ஒட்டியிருக்கிறதா என்றும் பார். இதுதான் படாஸ்கர் முறை. இதன்படி 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியுமாக 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் மதராஸ் மாநிலத்தில் சேர்ந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியும் சேலம் மாவட்டத்தின் சில கிராமங்களும் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது.

(1911-லும் ஏப்ரல் 1, 1960-லும் ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்று சிரிக்க வேண்டாம். நிதியாண்டு தொடங்கும் நாள் அது. கணக்குப் புத்தகத்தைப் பிரிக்க அதுதான் வசதி!)

மகாராஷ்டிரமும் கர்நாடகமும் இன்றும் பெல்காம் பகுதிக்காக வழக்காடுகின்றன. 2004-ல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றம் சென்றது. மகாராஷ்டிரம் எடுத்துக்காட்டும் முன்னுதாரணம் எது தெரியுமா? எங்கள் ஊருக்குப் பயன்பட்ட அதே படாஸ்கர் முறைதான்.

எல்லையை மாற்ற யாருக்கு அதிகாரம்?

இங்கேதான் குடிமையியல் பாடம் வருகிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலத்தை எடுத்துப் புது மாநிலம் அமைக்க அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். இந்தியாவில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2014-ல் ஆந்திரச் சட்டமன்றம் எதிர்த்தும் தெலங்கானா உருவானது இதனால்தான். இந்தியா கூட்டாட்சி நாடுதான், ஆனால் மத்திய அரசின் கை ஓங்கிய கூட்டாட்சி என்று ஆசிரியர்கள் சொல்வதன் பொருள் எனக்கு எங்கள் ஊர்க் கதையில்தான் புரிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருத்தணியில் 1888-ல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தெலுங்குக் குடும்பம். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களையும் அறநெறியையும் போதித்த பேராசிரியர். 1952-ல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். அதனாலேயே மாநிலங்களவையின் தலைவரும் ஆனார். அந்தப் பதவியில் அவர் இருந்தபோதுதான் பிறந்த ஊர் ஆந்திராவுக்குப் போனது, திரும்பியும் வந்தது. எல்லைச் சட்டம் அந்த அவையைக் கடந்த 1959-லும் அவரே தலைவர்!

சாமிக்கு எந்த மாநிலம்?

1947-ல் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயர் ஐந்தே வாரங்களில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அடிப்படை சமயம். பல லட்சம் உயிர்கள் போயின. ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். எங்கள் கோட்டுக்கு அடிப்படை மொழி. இரு பக்கமும் கும்பிடும் சாமி ஒன்றுதான். அதனால் கோடு மாறிய பிறகும் யாரும் ஊரைக் காலி செய்யவில்லை.

இன்றும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறும் காவடிகளில் ஆந்திராவிலிருந்து வருபவை ஏராளம். ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளிலும் தமிழ் முருகனைத் தெலுங்கில் கூப்பிடும் குரல் கேட்கும். அதேபோல் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் தமிழர் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையைப் பாடியது திருத்தணியில் என்பார்கள். அது சமஸ்கிருதத்தில் அமைந்தது. ஆனால் நிர்வாகம் என்று வந்தால் கோடு உண்டு. திருத்தணி உண்டியல் தமிழக அறநிலையத் துறையின் கணக்கில் வருகிறது. திருமலை உண்டியல் தேவஸ்தானத்துக்கு. அந்தத் தேவஸ்தானத்துக்கான சட்டமே 1932-ல் சென்னையில் இருந்த சட்டமன்றம் இயற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

கோட்டுக்குள் விட்டுப்போனவர்கள்

கிராமத்தை அலகாக எடுத்தது மாவட்டத்தை எடுத்ததைவிட நியாயமானது. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் கிராமத்துக்குள்ளும் வீடுகள் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. சித்தூர், நகரி, சத்தியவேடு பக்கம் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. எவ்வளவு சிறிய அலகை எடுத்தாலும் சிலர் மறுபக்கம் நின்றுவிடுகிறார்கள்.

இதை உணர்ந்துதான் 1956-ல் அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக உயர்ந்து 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, தெலுங்கில் படித்துவந்த பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இங்கே வாழ்பவர் தமிழ் கற்க வேண்டும் என்பது சரிதான். அதே நேரம், 1953-ல் "எங்கள் மொழியைக் கணக்கில் எடு" என்று போராடித் திரும்பி வந்த ஊர்கள் நாங்கள். எங்கள் நடுவே தெலுங்கு படிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையின் வலி, வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எங்களுக்குப் புரிய வேண்டாமா? அக்கரையில் தமிழ் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும் இதேதான்.

வரைபடத்தில் எல்லையைப் பென்சிலால் வரையும்போது ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் ஆசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று இனி நான் எண்ணிப் பார்ப்பேன். அதில் ஒன்று எங்கள் வீடு.