வடுவின் இடம்

புஜத்துச் சதையைக் குறைத்துக்கொள்ளப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போகிற பெண்ணின் முன் வைக்கப்படுகிற வழிகள் சாராம்சத்தில் இரண்டுதான். ஒன்று, அக்குளிலிருந்து முழங்கை வரை தோலையும் அடிக்கொழுப்பையும் நீளவாக்கில் வெட்டியெடுத்துத் தைத்துவிடுவது - பிராக்கியோபிளாஸ்டி. மற்றது, சிறு துளை வழியே குழாய் செலுத்திக் கொழுப்பை மட்டும் உறிஞ்சுவது - லிபோஸக்ஷன். முன்னது கைக்கு உருவம் தரும். கூடவே கையின் நீளத்துக்கு ஒரு வடுவையும் தரும். பின்னது வடு வைக்காது. ஆனால் தளர்ந்த தோலை இறுக்கித் தராது. மருத்துவ ஏடுகள் இந்தத் தேர்வைக் கொழுப்பின் அளவு, தோலின் தளர்ச்சி என்று கணக்காகவே எழுதுகின்றன. அவற்றை வருஷவாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தால் வேறொன்று தெரிகிறது. சர்ஜன்களை அலைக்கழித்தது கொழுப்பு அல்ல, வடு. அதை எங்கே வைப்பது, யார் கண்ணிலிருந்து மறைப்பது என்பதே இந்தச் சிகிச்சையின் சரித்திரம்.

கை வெளியே வந்த பிறகுதான் கைக்குப் பிரச்னை வந்தது. 1915-ல் ஜில்லட் கம்பெனி பெண்களுக்கென்று தனியாக ஒரு சவரக்கத்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையில்லாத உடுப்புக்கு வழவழப்பான அக்குள் வேண்டும் என்று அமெரிக்க விளம்பரங்கள் சொல்லத் தொடங்கிய காலம் அது. முதலில் ரோமம். சதையின் முறை பிறகு.

சதையில் கை வைப்பதற்குள் பிரான்ஸில் ஒரு வழக்கு. பருத்த காலை மெலிதாக்கிக்கொள்ள வந்த பெண்ணுக்கு அறுவை செய்ததில் கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நோயில்லாத அங்கத்தில், அழகுக்காக மட்டும், ஆபத்தான கத்தியை வைத்ததே குற்றம் என்கிற தளத்தில் 1929-ல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1931-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆபத்தை அவளுக்கு முன்கூட்டிச் சொல்லாததே தவறு என்றது. இந்த இரண்டு வருஷத்து நகர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் தீர்ப்பில் உடம்பு சட்டத்தின் பொறுப்பு. இரண்டாவதில் அது அவளுடையது - தெரிந்து ஒப்புக்கொண்டால் போதும். இன்றைய அழகு சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது தீர்ப்பின் கூரைக்குக் கீழேதான் நிற்கிறது.

கைக்கான அறுவையை முதலில் விவரித்தவராக 1930-ஐ ஒட்டி சிக்காகோவின் மாக்ஸ் தோரெக்கைச் சொல்வது வழக்கம். அழகையே நோக்கமாக அறிவித்து எழுதியவர்கள் அர்ஜென்டினாவின் கொர்ரேயா இத்துர்ராஸ்பேயும் ஃபெர்னாண்டஸும், 1954-ல். அதற்குப் பிறகு எல்லாம் கோட்டை நகர்த்துகிற வேலை. ரியோவின் இவோ பிதாங்கி 1975-ல் வெட்டை அக்குள் வழியாக மார்பின் பக்கவாட்டுக்கே நீட்டினார். அக்குளைக் கடக்கிற நேர்கோட்டு வடு ஆறும்போது சுருங்கி, நாண் போல விறைத்துக் கையைத் தூக்கவிடாது. அதனால் அங்கே இசட் வடிவில் மடித்துத் தைத்தார்கள். சிலர் அக்குளில் டி வடிவம். சிலர் நேர்கோட்டைக் கைவிட்டு அலைக்கோடு.

உட்புறப் பள்ளத்தில் வைத்தால் கையைத் தொங்கவிடும்போது வடு மறையும். கும்பிடு போட்டால், பஸ் கம்பியைப் பிடித்தால் தெரியும். பின்புறம் வைத்தால் அவளுடைய கண்ணாடிக்குத் தப்பும், பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தப்பாது. ஆக, தன் பார்வைக்கா, பிறர் பார்வைக்கா - எதற்கு ஒளிப்பது என்பதைத் தையல் போடுகிற இடமே முடிவு செய்துவிடுகிறது. விழுப்புண், புறப்புண் என்று இடம் பார்த்துப் புண்ணுக்கு மதிப்புப் போட்ட மொழி நம்முடையது; நமக்கு இது புதிதாக இராது.

லிபோஸக்ஷனின் பிறப்பும் வடு பற்றிய அச்சத்தில்தான். ரோமில் ஃபிஷர்கள் - தகப்பனும் மகனும் - எழுபதுகளின் நடுவில் முயன்றிருந்தார்கள். பாரிஸின் இவ்-ஜெரார் இல்லூஸ் சொல்லிவந்த கதை: 1977-ல் முதுகில் கொழுப்புக்கட்டியுடன் வந்த இளம் நடிகை, முதுகு தெரியும் உடை அணிய வேண்டும், தழும்பு கூடாது என்றாள். அவர் சிறு துளை போட்டு மொண்ணையான குழாயால் உறிஞ்சினார். ஒரு உடுப்பின் வெட்டு ஒரு சிகிச்சையையே உண்டாக்கிற்று.

வடு இல்லாத கத்தி என்ற அந்த வாக்குறுதியில் எண்பதுகள் மயங்கின. ஆனால் தோல் என்பது பை அல்ல, சரக்கை எடுத்ததும் மடித்து வைப்பதற்கு. இளம் தோல் ஓரளவு சுருங்கிக்கொடுக்கும். மற்றது வெறும் உறையாகத் தொங்கும். 1995-ல் டெட் லாக்வுட் இதை உடற்கூறாகவே விளக்கினார்: கைத்தோல் அக்குளின் உறுதியான சவ்வில் தூளி மாதிரிக் கட்டப்பட்டிருக்கிறது, முடிச்சு தளர்வதுதான் தொங்கல், தோலை இழுத்துத் தைப்பதால் வடு அகன்று நகர்கிறது, சவ்வைச் சவ்வோடு கட்ட வேண்டும். 1998-ல் தைமூரியன் கைகளை நாலு வகையாகப் பிரித்தார். கொழுப்பு கொஞ்சம், தோல் உறுதி என்றால் உறிஞ்சல். தோல் தளரத் தளரக் கத்தி. இன்றுவரை எந்த ஆலோசனை அறையிலும் இதன் ஏதோ ஒரு நகல்தான். நடுவில் ரேடியோ அலையால் தோலைச் சுடுகிற கருவிகள் வந்திருக்கின்றன. அதிகம் தளர்ந்த தோலுக்கு அவை கத்திக்கு மாற்றாகவில்லை.

அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் கணக்குப்படி 2000-ல் கைத்தோலை வெட்டிக்கொண்ட பெண்கள் முன்னூற்றுச் சொச்சம். 2012-ல் 15,000-க்கு மேல். அதை அறிவித்தபோது, பெண்கள் மெச்சுகிற கைகளில் மிஷெல் ஒபாமாவுடையதே முதலாவது என்று ஒரு கருத்துக்கணிப்பையும் சேர்த்துச் சொன்னார்கள். சங்கங்களுக்கு விளம்பரம் பிழைப்பு. ஆனால் இதே காலத்தில் இரைப்பைச் சுருக்க அறுவை பரவி, ஐம்பது அறுபது கிலோ இழந்தவர்கள் ஏராளமாக வந்தார்கள் என்பதை அந்தக் கணிப்பு சொல்லாது. அவர்களுக்குக் கை அலங்காரம் அல்ல. மடிப்பில் வேர்த்துப் புண்ணாகிறது, சட்டைக்குள் கை நுழைவதில்லை. அவர்கள் வடுவைப் பேரம் பேசுவதில்லை. நாற்பது வருஷம் மறைக்கப் பாடுபட்ட கோட்டை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். தொங்கலே இல்லாத கையை ஒரு புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறவளுக்கும் அதே படிவம், அதே கையெழுத்து; 1931-ன் தீர்ப்புக்கு இருவரையும் வேறுபடுத்தத் தெரியாது.

ஏடுகளில் வருகிற 'முன்பு - பின்பு' படங்களில் தோளுயரம் விரித்து, முழங்கையை மேலே மடித்து, சரணடைகிறவர் போல நிற்கிறார்கள். தொங்கல் மிகுதியாகத் தெரிகிற நிலை அது. வாழ்க்கையில் எவரும் அப்படி நிற்பதில்லை. படத்தில் வராதது: தோலின் கீழ் ஓடும் மெல்லிய நரம்பு வெட்டுப்பட்டால் முன்கையின் உட்புறம் மரத்துப்போகும். வடு வெளிற ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் பிடிக்கும். அதுவரை வெயில் பட்டால் கறுத்துவிடும் என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.