காபியின் கொடிவழி – 7: இலைக்கு அடியில் வந்த எமன்

தோட்டத்துத் துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. 1880-ல் இலங்கைக்கு வந்து இறங்கிய இளைஞர் ஹாரி மார்ஷல் வார்டு கொண்டுவந்ததோ நுண்ணோக்கியை.

அப்போதே காபியின் இலைத் துருநோய்க்குப் பதினோரு வயது. 1869-ல் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் த்வெய்ட்ஸ் அனுப்பிய காபி இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி பாதிரியார், இது புதுப் பூஞ்சை என்று சொல்லி ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரும் சூட்டிவிட்டார். பெயர் வைத்ததோடு சரி, நோய் மலை மலையாக ஏறியது.

இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். மண் கெட்டது, உரம் போதவில்லை, மழை ஏமாற்றியது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வார்டு வாதாடவில்லை. கிளிசரின் தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் காற்றில் வைத்தார். பூஞ்சையின் வித்துகள் வந்து ஒட்டின. நோய் காற்றில் வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஈர இலையில் விழுந்த வித்து முளைவிட்டு, இலையின் அடிப்பக்கத்துத் துளை வழியே உள்ளே நுழைவதையும் அவர் கண்டறிந்தார். நுழைந்துவிட்டால் வைத்தியம் இல்லை. இடைவெளியே இல்லாமல் மலை முழுக்க ஒரே பயிரை நட்டதுதான் வினை என்றார். யாருக்குப் பிடிக்கும் இந்தப் பேச்சு?

1882-ல் அவர் ஊர் திரும்பினார். துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காபிப் பழக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்து, பறித்து முடித்ததும் ஊர் திரும்பிய கூலிகளின் வாழ்க்கையும் அதோடு மாறியது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். போனவர்கள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மலையகத்தின் கதையில் பூஞ்சைக்கும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

வார்டுக்குத் தெரிய வழியில்லாத ஒன்றும் இருந்தது: காபிச் செடியின் மரபு. மெண்டலின் பட்டாணிக் கட்டுரை அப்போது படிப்பாரில்லாமல் கிடந்தது. அராபிகா என்ற காபி இனம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. உலகத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஏமனிலிருந்து கிளம்பிய சில விதைகளின் வம்சம். 2024-ல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் பின்னால் போனது: சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ரோபஸ்டா, யூஜினாய்டிஸ் என்ற வேறு இரு காபி இனங்கள் கலந்து பிறந்தது அராபிகா, அதன் மரபு வளமோ மிகமிகக் குறைவு. நோய்க்கு ஒரு மரம் பணிந்தால் பக்கத்து மரமும் பணியத்தான் செய்யும்.

ஆனால் 1927-ல், போர்த்துகீசியர் வசமிருந்த திமோர் தீவின் ஓர் அராபிகாத் தோட்டத்தில், துருநோய் அண்டாத ஒரு மரம் கண்ணில் பட்டது. தாய் அராபிகா, தகப்பன் ரோபஸ்டா என்று பின்னாளில் தெரிந்தது. அங்கேதான் கணக்கு இடித்தது. அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 33. அது மலடாகத்தான் நிற்கும். இந்த மரத்துக்கோ 44. காய்த்தது, விதையும் முளைத்தது.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது?

(தொடரும்)