பயாப்ஸி அறிக்கையில் ‘சி.ஐ.என்.’ என்றிருந்தால் புற்றுநோயா?

கர்ப்பப்பை வாயில் சதை எடுத்துப் பார்த்த அறிக்கை வந்ததும் பல குடும்பங்கள் பயந்துபோய் அதை மறைத்துவிடுகின்றன. தர்மபுரி, அரூர், பாலக்கோடு என நம் பகுதிக் குடும்பங்களும் அதிலுள்ள சில சொற்களை அறிந்துகொள்வது அவசியம்.

டிஸ்பிளேசியா: செல்களின் வடிவமும் அடுக்கும் மாறியுள்ளன. இது புற்றுநோய் அல்ல.

சி.ஐ.என். 1: மாற்றம் மேற்படலத்தின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் உள்ளது. பெரும்பாலும் தானாகவே சரியாகும். மறுபரிசோதனை மட்டும் தவறக்கூடாது.

சி.ஐ.என். 2, 3: மாற்றம் அதைத் தாண்டிப் பரவியுள்ளது. பொதுவாகச் சிகிச்சை தேவை. குளிரூட்டி அழிப்பது, மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் எடுப்பது ஆகியவை சிறிய சிகிச்சைகளே.

இன்வேசிவ்: செல்கள் அடிச்சவ்வைக் கடந்துவிட்டன. இதுவே புற்றுநோய். ஆனால் ‘இன்வேஷன் இல்லை’ என்றும் எழுதியிருக்கலாம்; வரியை முழுதாகப் படியுங்கள்.

நியூசிலாந்தில் போதிய சிகிச்சை பெறாத சி.ஐ.என். 3 பெண்களில் 100-க்கு சுமார் 30 பேருக்கு 30 ஆண்டுகளில் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் தந்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இப்புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு.

இம்மாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் எச்.பி.வி. எனும் வைரஸ். தாம்பத்திய உறவின் வழியே தொற்றும் இது, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் உடலில் தங்கியிருக்கும். எனவே அறிக்கையை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிக்க இடமில்லை. ஆதாரமற்ற சந்தேகம் மார்க்கத்தில் பாவம்.

வெட்கம் கருதிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பெண் மருத்துவரை நாடுங்கள். கிடைக்காதபோது நிர்ப்பந்தத்தால் ஆண் மருத்துவரிடம் காட்ட அனுமதியுண்டு. பயாப்ஸி காயத்திலிருந்து கசியும் ரத்தம் ஹைளு அல்ல, தொழுகையை விடக்கூடாது. சுத்தம் செய்து, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தொழ வேண்டும்.

சகோதரர்களே, மனைவியைத் தனியே அனுப்பாமல் கூடவே செல்லுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த நிலை? மாற்றமடைந்த பகுதி முழுதும் எடுக்கப்பட்டதா? அடுத்த பரிசோதனை எப்போது?

நோய்க்கு மருந்தையும் இறக்கிய அல்லாஹ், நம் பெண்களுக்குப் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.