சேர்க்கைப் படிவத்தில் யார் கையெழுத்து? திருவரங்கத்து முதியோர் இல்லங்களும் தன்முடிவு உரிமையும்

பணி ஓய்வுக்குப் பின் திருவரங்கத்தில் குடியேறுவோர் பலர் பெருமாளுக்காக வருகிறவர்கள். உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு வீடு, அம்மா மண்டபத்தில் காவிரி நீராட்டு, ஏகாதசி உபவாசம் என்பது அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட வாழ்க்கை. கால் தளர்ந்து முதியோர் இல்லத்தில் சேரும்போது படிவத்தில் கையெழுத்திடுபவரோ பெரும்பாலும் மகன். பணம் கட்டுபவரே முடிவெடுப்பவர் என்று இல்லம், குடும்பம் ஆகிய இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவருக்குச் சொந்த முடிவு இராது என்ற இந்த அனுமானத்திலிருந்தே கண்ணியக் குறைவு தொடங்குகிறது என்பது என் வாதம்.

அது பெரிய கொடுமையாக வருவதில்லை. கைத்தாங்கலாக அழைத்துச் சென்றால் கழிப்பறைக்குப் போகக்கூடியவருக்கும் மாலையிலேயே டயபர் கட்டப்படுகிறது. இரவுப் பணிக்கு ஓர் ஆள்தான். சிக்கெடுக்க நேரமில்லை என்று கூந்தல் கிராப்பாகிறது. படுக்கையிலிருந்து இறங்கப் பார்ப்பவரின் மணிக்கட்டு, துண்டால் கட்டில் கம்பியோடு பிணைக்கப்படுகிறது. விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி பொய்யானதல்ல. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆள் பற்றாக்குறையைக் காட்டி மட்டும் நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது என்கிறது. அது மனநல நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது. முதியோர் இல்லத்துக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் ஏன்?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) மாவட்டத்துக்கு 150 பேர் தங்கும் இல்லமொன்றையாவது அரசு அமைக்கலாம் என்கிறது, அதுவும் வறியவர்களுக்கு. சோறும் கூரையும் தருவது யார் என்பதே அதன் கவலை. காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மீள வழியில்லாத நோயில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைக்க முடிகிற மூதாட்டியால், குளியல் எப்போது என்று சொல்ல முடியவில்லை.

சிக்கலான நிலை ஒன்றைப் பார்ப்போம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் எண்பத்திரண்டு வயதுப் பாட்டி, வைகுண்ட ஏகாதசிக்கு உபவாசம் இருப்பேன் என்கிறார். இல்லம் வெளிநாட்டிலுள்ள மகனைத் தொலைபேசியில் கேட்கிறது, அவர் மறுக்கிறார். பாட்டியிடம் விளக்கியவர் எவருமில்லை. பட்டினியோடு இன்சுலின் போட்டால் என்னாகும் என்பது அவருக்குப் புரிகிறதென்றால், மருத்துவரைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றுவதும் பாலும் பழமும் ஏற்பாடு செய்வதுமே இல்லத்தின் வேலை. முடிவு பிறருக்குத் தவறாகப்படுகிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடமாட்டார் என்பதும் அந்த 2017 சட்டத்தின் கருத்துதான். (எண்பதைத் தாண்டியவருக்கு உபவாசம் கட்டாயமில்லை என்பது மரபு. சாஸ்திரம் அவர் விருப்பத்துக்கு விட்டதை இல்லம் பிடுங்கிக்கொள்கிறது!)

மறதி நோய் முற்றியவரிடம் இப்படிப் பேச முடியாதுதான். அவரும் கரண்டியைத் தள்ளுகிறார், ஒரு பணியாளரின் கையை மட்டும் விடாமல் பற்றுகிறார். அதையும் விருப்பமாகவே படிக்க வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளப் படிவத்தில் அரைப் பக்கம் போதும். குளியல் காலையா மாலையா, உடை மாற்ற யார் வரலாம், ஏகாதசியன்று என்ன ஆகாரம், எந்த நிலையில் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம். கீழே அவருடைய கையெழுத்து. கை நடுங்கினால் ரேகை. பின்னொரு நாள் மகனை அழைக்க நேர்ந்தால், அந்த அரைப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் கருத்தைக் கேட்க வேண்டும்.