புரூக்ளின் மேடையும் சாகாமத்து வயலும்

சாகாமக் குளக்கட்டிலே நின்றுகொண்டு நியூயோர்க் மாநகரைப் பற்றி எண்ணுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பண்பாடு யாருடைய உடைமை என்ற கேள்வி இவ்விரண்டு இடங்களையும் பிணைக்கின்றது. நம் நாட்டுப் பிரமுகர் ஒருவர் அக்கேள்விக்கு அமெரிக்கா சென்று விடை பகர்ந்தார். ஊர் திரும்பிய பின்னரும் பகர்ந்தார். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பாரில்லை.

பொன்னம்பலம் இராமநாதன் 1905ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றபோது இலங்கையின் மன்றாடியார் நாயகமாக இருந்தார். விவிலியத்துக்குச் சைவ சித்தாந்த நோக்கிலே விளக்கம் எழுதியவர் என்ற புகழ் அவருக்கு முன்பே அங்கு சென்றிருந்தது. புரூக்ளினில் கிழக்கின் உள்ளத்தையும் மேற்கின் உள்ளத்தையும் ஒப்பிட்டு உரையாற்றினார். மேற்கு நாட்டாரிடை ஆன்மப் பண்பாடு என்னும் பொருளிலே அவர் ஆற்றிய உரைகள் 1906இல் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்தன. அடிமை நாட்டிலிருந்து சென்ற ஒருவர் செல்வச் செருக்கு மிக்க நகரிலே தலைநிமிர்ந்து நின்று, 'உங்களிடம் பொருள் உண்டு, அமைதி இல்லை' என்னும் கருத்துப்பட உரைத்தாரே, அது சிறிய செயலன்று. அந்த நிமிர்வை நாம் மதிக்கின்றோம்.

ஆனால் அந்நகரிலே அன்று வேறு சிலவும் நிகழ்ந்தன. நியூயோர்க் மாநிலத்து ரொட்டித் தொழிலாளர் நாளொன்றுக்குப் 10 மணி நேரம், கிழமைக்கு 60 மணி நேரம் என வரம்பிட்ட சட்டத்தை, அதே 1905 ஏப்பிரலில், அமெரிக்க உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிற்று. குடியேறிகள் நெருக்கி அடைக்கப்பட்ட வாடகை வீடுகளின் அவலத்தை யேக்கப் ரீஸ் 1890இலேயே படங்களோடு நூலாக்கியிருந்தார். 1911 மார்ச்சில் திரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, கதவு பூட்டப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி மாண்டோர் பலர். இறந்த 146 பேரில் பெரும்பாலார் குடியேறிய இளம் பெண்கள். அந்தப் பெண்களுக்கு ஆன்மப் பண்பாட்டை நாடும் ஓய்வு எங்கிருந்து வரும்? பொருளால் அமைதி இழந்தோரிடமே இராமநாதன் பேசினார். பொருளே இல்லாதோர் அவருடைய மண்டபத்துக்கு வரவில்லை.

ஊரிலும் இதுவே நிகழ்ந்தது. 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று நிறுவ ராயல் ஏசியாட்டிக் சபையிலே கட்டுரை வாசித்தார். சோனகருக்குச் சட்டநிரூபண சபையிலே தனிப் பிரதிநிதி எதற்கு என்ற உட்பொருள் அதிலே கிடந்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு நூலளவு மறுப்பு எழுதினார். தமிழே பேசி வாழும் இக்கரையோர முஸ்லிம் மக்களை நீங்கள் யாரென எண்ணுகின்றீர்கள் என்று முன்னதாக எவரும் கேட்டதில்லை.

1911 இறுதியில் 'கற்ற இலங்கையர்' ஆசனத்துக்கு நடந்த தேர்தலிலே இராமநாதன் வென்றார். நாடு முழுவதற்குமாக வாக்காளர் மூவாயிரத்துக்கும் குறைவு! ஆங்கிலம் அறிந்தவரே கற்றவர் எனப்பட்டனர். 1924இல் வாக்குரிமை விரிந்த பின்னரும் நூற்றுக்கு நால்வரே வாக்காளராயினர். பின் டொனமூர் ஆணைக்குழு, வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்று 1928இல் விதந்துரைத்தபோது அவர் அதனை எதிர்த்தார். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்களித்தால் கும்பலாட்சி விளையும், இந்து வாழ்க்கை நெறிக்கும் அது மாறானது என்பது அவர் வாதம். 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய அதே கரமன்றோ இவ்வாறு தடுத்தது! இதனை முரண்பாடென்று பலர் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பண்பாடு மேலோர் கீழோர்க்கு வழங்கும் கொடை எனக் கருதுபவர் கல்லூரியைக் கொடுப்பார், வாக்கைக் கொடார்.

1930இல் அவர் மறைந்தார். 1931 ஜூனில் வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது.

இங்கே சாகாமத்துப் பக்கம் அக்காலத்தில் வயல் போடியாருடையது; பாடு முல்லைக்காரருடையது. களத்தில் பொலி தூற்றியவன் தன் பங்கிலே விதைநெற் கடன் கழித்து மிஞ்சியதை வீடு கொண்டு சென்றான். கூத்தும் கவியும் அவன் வாயிலேதான் வாழ்ந்தன. அவன் ஆங்கிலம் அறியாதவன். ஆகவே 1911இன் கணக்கிலே கல்லாதவன். போடியார் மாளிகைத் திண்ணையிலே வெற்றிலைத் தட்டத்தின் முன் நடந்த பேச்சே ஊர்ப் பண்பாடாயிற்று.

செல்வ நகரங்களுக்கு நம்மவர் இன்றும் செல்கின்றனர். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் துபாய்க்கும் குவைத்துக்கும் ஜித்தாவுக்கும் பணிப்பெண்களாய்ச் செல்வோரை மேடையேற்றுவார் எவருமில்லை. உம்மம்மாவிடம் வளரும் அவர்களது பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கின்றனர். உம்மா வாழும் நகரைப் பற்றி எழுதுக என்றோம். ஒரு மாணவி, அவ்வீட்டுக்கு மாடி மூன்று, துடைக்கும் சன்னல் நாற்பத்திரண்டு என்று எழுதித் தந்தாள். நகரைப் பற்றி வேறொன்றும் அதில் இருக்கவில்லை.